மயிலிறகின் நீலமும் தண்டவாளத்தின் சூடும்

நம் வீடுகளில் பூஜை அறையிலோ குழந்தைகளின் புத்தகத்திற்குள்ளோ ஒரு மயிலிறகாவது இருக்கும். அதன் கண்ணில் மின்னுகிற நீலப் பகுதியை மட்டும் கத்தரித்து நன்றாக அரைத்தால் என்ன கிடைக்கும்? நீலப்பொடி கிடைக்காது. கருப்பும் பழுப்பும் கலந்த ஒரு தூள்தான் கிடைக்கும். குங்குமத்தை எவ்வளவு நைஸாக அரைத்தாலும் அது சிவப்பாகவே இருக்கிறது. மஞ்சள் மஞ்சளாகவே இருக்கிறது. மயிலிறகின் நீலம் மட்டும் அரைத்தவுடன் எங்கே போகிறது?

அந்த இறகில் நீலச் சாயம் என்று ஒன்றும் இல்லை என்பதே விடை. இருப்பது, நம் தலைமயிருக்குக் கருமை தருகிற மெலனின் என்னும் பொருள். அது மிக நுண்ணிய குச்சிகளாக, சவுக்கைத் தோப்பில் மரம் நட்டதுபோல் வரிசை தப்பாமல் அடுக்கப்பட்டிருக்கிறது. நிறத்தைத் தருவது அந்த வரிசைகளுக்கு இடையிலுள்ள தூரம். 2003-ஆம் ஆண்டில் ஷாங்காய் நகரிலுள்ள ஃபூடான் பல்கலைக்கழகத்தார் அதை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் அளந்து வெளியிட்டார்கள். நீலப் பகுதியில் 140 நானோமீட்டர், பச்சையில் 150, மஞ்சளில் 165. ஒரு நானோமீட்டர் என்பது ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. ஒரு தலைமயிரின் பருமனுக்குள் இப்படி ஐந்நூறு வரிசைகளை அடுக்கிவிடலாம். நீலத்துக்கும் பச்சைக்கும் உள்ள வித்தியாசம் வெறும் பத்து நானோமீட்டர்! அரைக்கும்போது இந்த வரிசை குலைந்துபோகிறது; அதோடு நிறமும் போகிறது.

இடைவெளி எப்படி நிறமாகிறது? ரயிலில் நெடுந்தூரம் போய்ப் பழகிய நமக்கு ஓர் உதாரணம் எளிதில் விளங்கும். முன்பெல்லாம் தண்டவாளங்கள் 13 மீட்டர் நீளத்துண்டுகளாக இருந்தன. ஒவ்வொரு இணைப்பிலும் சக்கரம் 'டடக்' என்று தட்டும். மற்ற வேகங்களில் இந்தத் தட்டல்கள் பெட்டியைப் பெரிதாக ஒன்றும் செய்யாது. ஆனால் ஏதோ ஒரு வேகத்தில், பெட்டியின் ஸ்பிரிங் எழும்பி இறங்கும் நேரமும் தட்டல் விழும் நேரமும் சரியாக ஒத்துப்போய்விடும். அப்போது சிறு சிறு தட்டல்கள் ஒன்றோடொன்று கூடிப் பெட்டியே குதிக்கும். ஒளியும் ஓர் அலை. வரிசையாக நிற்கும் குச்சிகள் ஒவ்வொன்றும் தன்மீது விழும் ஒளியில் மிகச் சிறிதளவைத்தான் திருப்பி அனுப்புகின்றன. ஆனால் ஏதோ ஒரு அலைநீளத்துக்கு மட்டும், இப்படித் திரும்பிவரும் சிறு அலைகள் அனைத்தும் ஒரே தாளத்தில் சேர்ந்து பெரிதாகின்றன. அந்த ஒரு நிறம் பளீரென்று திரும்பிவருகிறது. மற்றவை உள்ளே போய்க் கருமையான மெலனினில் அடங்கிவிடுகின்றன.

கணக்கு மிக எளிது. இடைவெளியை இரண்டால் பெருக்கி, அந்தப் பொருளின் ஒளிவிலகல் எண்ணாலும் பெருக்கினால் திரும்பிவரும் ஒளியின் அலைநீளம் கிடைக்கும். இப்படி ஒளியின் அலைநீளத்தோடு ஒப்பிடத்தக்க இடைவெளியில், ஒழுங்காக அடுக்கப்பட்ட அமைப்பைத்தான் ஃபோட்டானிக் கிரிஸ்டல் என்கிறார்கள். தமிழில் ஒளிப்படிகம் எனலாம்.

இனி ஒரு பழைய செய்தி. இராபர்ட் ஹூக் என்ற ஆங்கிலேயர் 1665-இல் வெளியிட்ட நுண்ணோக்கி நூலில் மயிலிறகைப் பற்றி எழுதியிருக்கிறார். இறகை நீரில் நனைத்தால் அந்த நிறங்கள் மறைகின்றன என்று அவர் குறித்திருக்கிறார். நான் இதைப் படித்தபோது, உலகின் முதல் ஒளி சென்சார் இதுதான் என்று தோன்றியது. இறகின் உள்ளே குச்சிகளுக்கிடையில் காற்றுப் பொந்துகள் இருக்கின்றன. அங்கே காற்றுக்குப் பதில் நீர் புகுந்தால் ஒளிவிலகல் எண் மாறுகிறது; கணக்கு மாறுகிறது; நிறம் மாறுகிறது. அதாவது, இறகு நீர் வந்ததை நமக்குச் சொல்லிவிட்டது.

ஆக, பார்க்கும் கோணம் மாறாதவரை, ஓர் ஒளிப்படிகத்தின் நிறம் இரண்டே காரணங்களால் மாறும். ஒன்று, வரிசைகளின் இடைவெளி மாற வேண்டும். அல்லது இடையில் நிரம்பியிருக்கும் பொருள் மாற வேண்டும். இழுத்தாலும் அழுத்தினாலும் சூடேற்றினாலும் நனைத்தாலும் இந்த இரண்டில் ஒன்றோ இரண்டுமோ மாறும். இதுவே இந்தச் சென்சார்களின் பெருமை. எதை வேண்டுமானாலும் அளக்கலாம். இதுவே அவற்றின் சங்கடமும்கூட. நிறம் மாறியது தெரியும். எதனால் மாறியது என்பதை நிறம் சொல்லாது.

அடுக்கடுக்கான ஒரு பொருள் குறிப்பிட்ட அலைகளை உள்ளே விடாமல் திருப்பி அனுப்பும் என்பதை 1887-இலேயே ராலே பிரபு கணக்கிட்டுக் காட்டினார். நம் சர் சி.வி. ராமனுக்கும் இந்த நிறங்களின்மேல் தீராத மோகம். திருச்சியில் பிறந்த அவர் பறவை இறகு, கிளிஞ்சல், ஓபல் என்று மின்னுகிற பொருள்களையெல்லாம் சேகரித்து ஆராய்ந்தார். பெங்களூரில் அவர் 1948-இல் நிறுவிய ஆராய்ச்சி நிலையத்தில் இருந்தபோது, 1953-இல் ஜெயராமனுடன் சேர்ந்து ஓபல் கல்லின் நிறத்தைப் பற்றிக் கட்டுரை எழுதினார். அதன் உள்ளே இருப்பவை மெல்லிய அடுக்குகள் என்பது அவர் கருத்து. 1964-இல் ஆஸ்திரேலியாவில் சாண்டர்ஸ் என்பவர் எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது, கடையில் ஆரஞ்சுப் பழம் அடுக்கியதுபோல நுண்ணிய சிலிக்கா உருண்டைகள் ஒழுங்காக அமைந்திருப்பது தெரிந்தது. பிறகு 1987-இல் அமெரிக்காவில் எலி யாப்லோனோவிச், கேரளத்தில் பிறந்த சஜீவ் ஜான் ஆகிய இருவரும் தனித்தனியே எழுதிய கட்டுரைகளிலிருந்துதான் இந்தத் துறை ஒரு தனித்துறையாக வளர்ந்தது. பச்சோந்தியும் இதே வித்தைக்காரன்தான் என்று 2015-இல் ஜெனீவாவிலிருந்து ஒரு செய்தி வந்தது. தோலிலுள்ள நுண்படிகங்களின் இடைவெளியைக் கூட்டியும் குறைத்தும் அது நிறம் மாற்றுகிறதாம். பச்சோந்தியை இழிவாகப் பேசுவதை நாம் சற்றுக் குறைத்துக்கொள்ளலாம்!

ஓபலும் இறகும் இருக்கட்டும். பொறியாளர் கைக்கு வந்தது இந்தக் குடும்பத்திலேயே மிக எளிய உறுப்பினர். குச்சியும் உருண்டையும் வேண்டாம். ஒரே திசையில், ஒரு கண்ணாடி இழைக்குள் போட்ட வரிவரியான கோடுகள் போதும். இதற்கு ஃபைபர் பிராக் கிராட்டிங் என்று பெயர். அகராதியில் கிராட்டிங்குக்குக் கீற்றணி என்ற நல்ல சொல் இருக்கிறது. ஆனால் வேலைத்தளத்தில் கீற்றணி கொண்டுவா என்றால் யாரும் கொண்டுவர மாட்டார்கள். ஆதலால் கிராட்டிங் என்றே எழுதுகிறேன்.

1978-இல் கனடாவின் ஒட்டாவாவில் கென்னத் ஹில்லும் அவருடைய சகாக்களும் ஒரு கண்ணாடி இழைக்குள் லேசர் ஒளியைச் செலுத்திக்கொண்டிருந்தார்கள். நிமிடங்கள் செல்லச் செல்ல, மறுமுனைக்குப் போய்ச்சேரும் ஒளி குறைந்து, திரும்பிவரும் ஒளி கூடிக்கொண்டே போயிற்று. போகும் ஒளியும் திரும்பும் ஒளியும் மோதி, இழையின் உட்பகுதியில் தாமாகவே வரிகளைப் பதித்துவிட்டன என்பது பிறகு புரிந்தது. ஒளி தன்னைத் தானே மறிக்கும் வேலியைத் தானே போட்டுக்கொண்டது. 1989-இல் அமெரிக்காவில் மெல்ட்ஸும் அவருடைய குழுவினரும் புறஊதா ஒளியைப் பக்கவாட்டிலிருந்து காட்டி, விரும்பிய இடைவெளியில் வரிகளைப் பதிக்கும் முறையைக் கண்டார்கள். அதன் பிறகே இது தொழிலுக்கு வந்தது.

இழையின் வெளிவிட்டம் 0.125 மில்லிமீட்டர். தொலைபேசிக்காகப் பூமிக்கடியில் புதைக்கிற அதே இழை. அதில் ஒரு சென்டிமீட்டர் நீளத்துக்கு 535 நானோமீட்டர் இடைவெளியில் வரி போட்டால் 18,000-க்கும் அதிகமான வரிகள் வரும். கண்ணாடியின் ஒளிவிலகல் எண் இங்கே சுமார் 1.447. முன் சொன்ன கணக்கைப் போட்டுப் பாருங்கள்: திரும்பிவரும் ஒளியின் அலைநீளம் ஏறக்குறைய 1,550 நானோமீட்டர். இது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி. கருவிதான் பார்க்க வேண்டும்.

இந்த இழையை ஓர் இரும்பு கர்டரில் ஒட்டிவிட்டால், மேலே வண்டி போகும்போது கர்டர் நீள்கிறது, வரிகளின் இடைவெளியும் கூடுகிறது, அலைநீளம் நகர்கிறது. பத்து லட்சத்தில் ஒரு பங்கு நீட்சிக்கு, அதாவது ஒரு மீட்டர் நீளம் ஒரு மைக்ரான் நீண்டால், அலைநீளம் ஒரு நானோமீட்டரில் ஆயிரத்தில் 1.2 பங்கு மாறும். இந்த ஆயிரத்தில் ஒரு பங்குக்குப் பிக்கோமீட்டர் என்று பெயர். மாற்றம் 1.2 பிக்கோமீட்டர். இதை அளக்கும் கருவிகள் இன்று கடையில் கிடைக்கின்றன.

நாங்கள் பணியில் இருந்த காலத்தில் பாலங்களில் ஒட்டியவை மின்தடை ஸ்ட்ரெயின் கேஜ்கள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி செம்புக்கம்பி. இருபது கேஜ் ஒட்டினால் இருபது கம்பிக்கட்டு பாலத்தில் தொங்கும். மேலே 25,000 வோல்ட் மின்கம்பி போகிற பாதையில், வண்டியின் பளு எது, மின் இரைச்சல் எது என்று பிரிப்பது பெரும்பாடு. கண்ணாடி இழைக்கு இந்தத் தொல்லை கிடையாது. மின்சாரமே இல்லாத இடத்தில் மின் இரைச்சல் எப்படி வரும்? மேலும், ஒரே இழையில் வெவ்வேறு இடைவெளியுள்ள பல கிராட்டிங்குகளைப் போட்டுவிடலாம். ரேடியோவில் திருச்சி நிலையமும் சென்னை நிலையமும் தத்தம் அலைவரிசையில் பேசுவதுபோல், ஒவ்வொன்றும் தன் அலைநீளத்தில் பதில் சொல்லும். ஹாங்காங்கில் ரயிலும் சாலையும் ஒன்றாகப் போகும் ட்ஸிங் மா தொங்கு பாலம் 1997-இல் திறக்கப்பட்டது. அதன் நடு இடைவெளி மட்டும் 1,377 மீட்டர். அந்தப் பாலத்தில் இப்படிப்பட்ட 40 கிராட்டிங்குகளை ஒட்டிச் சோதித்தார்கள். நம் நாட்டில் கொல்கத்தா ஜாதவ்பூரிலுள்ள மத்திய கண்ணாடி, பீங்கான் ஆராய்ச்சி நிலையம் இத்துறையில் பெயர் பெற்றது.

இப்போது அந்தச் சங்கடத்துக்கு வருவோம். கிராட்டிங் வெறுமனே இருந்தாலும், ஒரு டிகிரி சூடு கூடினால் அலைநீளம் சுமார் 10 பிக்கோமீட்டர் நகர்கிறது. பெரும்பங்கு கண்ணாடியின் ஒளிவிலகல் எண் மாறுவதால் வருவது. விடியற்காலைக்கும் பிற்பகலுக்கும் 30 டிகிரி வித்தியாசம் என்று வைத்துக்கொள்வோம். 300 பிக்கோமீட்டர் ஆயிற்று. இதை நீட்சி என்று தவறாகப் படித்தால், பத்து லட்சத்தில் 250 பங்கு நீட்சி. இரும்பில் அது சதுர மில்லிமீட்டருக்கு ஐந்து கிலோ அளவுக்கு ஒரு தகைவு. வண்டியே வராத பாலத்தில், வெறும் வெயிலே ஒரு கூட்ஸ் வண்டியைப்போல் கணக்கில் ஏறிவிடும். இதற்கு மாற்று, பக்கத்திலேயே இன்னொரு கிராட்டிங்கை எதிலும் ஒட்டாமல் ஒரு சிறு குழாய்க்குள் தளர்வாகப் போட்டுவைப்பது. அதற்குப் பளு தெரியாது. சூடு மட்டும் தெரியும். ஒன்றிலிருந்து மற்றதைக் கழிக்க வேண்டும். கர்டர் சூட்டில் தானாக விரிவதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

தண்டவாளத்தில் விஷயம் இன்னும் சுவையானது. சற்று நின்று பார்க்கத் தக்கது. இன்றைய தண்டவாளங்கள் பல கிலோமீட்டர் நீளத்துக்கு ஒன்றாக வெல்டிங் செய்யப்பட்டவை. இணைப்பு இடைவெளி இல்லை. 'டடக்' சத்தமும் போயிற்று. அப்படியானால் கோடையில் விரிவதற்கு இடம் எங்கே என்று பலர் என்னைக் கேட்டிருக்கிறார்கள். இடம் கிடையாது. ஸ்லீப்பரும் ஜல்லியும் கிளிப்பும் அதை விரியவிடாமல் பிடித்துக்கொள்கின்றன. விரிய முடியாத இரும்புக்குள் அழுத்தம் ஏறுகிறது. 60 கிலோ தண்டவாளத்தில் ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறக்குறைய 1.9 டன். தகைவில்லா வெப்பநிலையிலிருந்து 30 டிகிரி மேலே போனால் ஒரு தண்டவாளத்துக்குள் சுமார் 56 டன் விசை ஒளிந்திருக்கும். ஜல்லியின் பிடி தளர்ந்த இடத்தில் அது பாதையைப் பக்கவாட்டில் பாம்புபோல் வளைத்துவிடும். கோடையில் நண்பகல் வெயிலில் கேங்மேன்கள் பாதையை நடந்தே பார்த்துவருவது இதற்காகத்தான். பயணிகளில் எத்தனை பேருக்கு அவர்களைத் தெரியும்?

இந்த 56 டன்னை அளக்க, தண்டவாளத்தின் நீளவாக்கில் ஒரு கிராட்டிங்கை ஒட்டினால் அது என்ன காட்டும்? நீட்சி ஒன்றுமில்லை என்று காட்டும்! காட்டுவது பொய்யல்ல. தண்டவாளம் உண்மையிலேயே நீளவில்லை. நீளவில்லை என்பதுதானே ஆபத்து. சென்சார் அளப்பது நீட்சியை; நமக்கு வேண்டியதோ அடக்கப்பட்ட நீட்சி. இரண்டும் வேறு.

ஆனால் இரும்பு நீளவாக்கில்தான் கட்டுண்டிருக்கிறது. உயரவாக்கில் அதற்குத் தடையில்லை. நீளவாக்கில் போக முடியாதது உயரத்திலும் அகலத்திலும் பிதுங்கும். சாதாரணமாக விரிவதைவிட அங்கே சுமார் 1.3 மடங்கு விரியும். ஆகவே, தகைவை விடுவித்த நாளில் ஒரு கிராட்டிங்கை நீளவாக்கிலும் ஒன்றை நெட்டுக்குத்தாகவும் ஒட்டி, அன்றைய அளவைப் பூச்சியமாகக் குறித்துக்கொள்கிறார்கள். இரண்டுக்கும் சூடு ஒன்றே; கழித்தால் அது அடிபட்டுப் போகும். மிஞ்சும் வித்தியாசம் அந்த ஒளிந்திருக்கும் விசைக்கு நேர்விகிதத்தில் இருக்கும். 30 டிகிரிக்கு இந்த வித்தியாசம் பத்து லட்சத்தில் 450 பங்கு, அதாவது 540 பிக்கோமீட்டர். தாராளமாகப் படிக்கக்கூடிய அளவு. மின்தடை கேஜ்களிலும் இதே யுக்தி பழையதுதான். இழையில் வந்தபோது கம்பித் தொல்லையின்றி நீண்ட தூரத்துக்குச் செய்ய முடிகிறது. எங்கே ஒட்டுகிறோம், எந்தத் திசையில் ஒட்டுகிறோம் என்பது கருவியின் விலையைவிட முக்கியம் என்று என் பிற்கால உதவியாளர்களிடம் அடிக்கடி சொல்லியிருக்கிறேன்.

இரும்பிலிருந்து உடம்புக்கு வருகிறேன். நம்மில் வீட்டுக்கு ஒருவருக்காவது சர்க்கரை இருப்பதால் இது எல்லோருக்கும் வேண்டிய பகுதி. 1997-இல் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் ஹோல்ட்ஸும் ஆஷரும் 'நேச்சர்' இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஓபலைப்போல நுண்ணிய பிளாஸ்டிக் உருண்டைகளை வரிசையாக அமைத்து, அதை ஜெல்லிபோன்ற ஒரு மெல்லிய படலத்துக்குள் உறையச் செய்தார்கள். அந்த ஜெல்லியில் ஈய அயனியைப் பிடித்துக்கொள்ளும் மூலக்கூறுகளைச் சேர்த்தால், நீரில் ஈயம் இருக்கும்போது ஜெல்லி உப்பும், உருண்டைகள் விலகும், நிறம் மாறும். வேறொரு படலத்தில் குளூக்கோஸைச் சிதைக்கும் நொதியைச் சேர்த்து, சர்க்கரையையும் நிறமாகக் காட்டினார்கள். மின்சாரம் இல்லை, பாட்டரி இல்லை. கண்ணால் பார்த்தே சொல்லலாம். கண்ணீரிலுள்ள சர்க்கரையை காண்டாக்ட் லென்ஸின் நிறத்தால் அறியலாமே என்ற ஆசையும் அந்த ஆராய்ச்சியைத் தொடர்ந்து வந்தது.

நல்ல ஆசைதான். ஆனால் தண்டவாளத்தில் பார்த்த அதே கேள்வி இங்கேயும் வருகிறது. ஜெல்லி சர்க்கரைக்கு மட்டும்தானா உப்புகிறது? உப்பின் அளவு மாறினாலும் அமிலத்தன்மை மாறினாலும் சூடு மாறினாலும் அது உப்பும் அல்லது சுருங்கும். பாலத்தில் சூட்டைக் கழிக்க இன்னொரு கிராட்டிங் போட்டோம். கண்ணுக்குள் எத்தனை கிராட்டிங் போடுவது? தவிரவும், கண்ணீரில் சர்க்கரையின் அளவு இரத்தத்தில் உள்ளதைவிட மிகக் குறைவு. ஆய்வுக்கூடத்துப் பாத்திரத்தில் வேலை செய்த ஒன்று மனிதனிடம் வேலை செய்ய ஏன் இவ்வளவு காலமாகிறது என்பதற்குக் காரணம் இதுவே. விஞ்ஞானிகளின் சோம்பல் அல்ல.

இதை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், ஊசி குத்தாமல், ஒளியாலேயே சர்க்கரை பார்ப்பதாகச் சொல்லும் கைக்கடிகாரங்களையும் மோதிரங்களையும் விற்கிறார்கள். வெளியூரில் தனியாக இருக்கும் பெற்றோருக்குப் பிள்ளைகள் அன்போடு வாங்கி அனுப்பத் தோன்றும். 2024 பிப்ரவரியில் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் இவற்றைப் பற்றி வெளிப்படையாக எச்சரித்தது. தோலைத் துளைக்காமல் தானாகவே சர்க்கரையை அளக்கும் எந்தக் கடிகாரத்துக்கும் மோதிரத்துக்கும் தாங்கள் அனுமதி தரவில்லை என்றும், தவறான அளவை நம்பி இன்சுலினையோ மாத்திரையையோ கூடுதலாக எடுத்தால் உயிருக்கே ஆபத்து என்றும் அந்த அறிவிப்பு கூறியது. விற்பவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: வியர்வைக்கும் தோலின் சூட்டுக்கும் வரும் மாற்றத்தை இது எப்படிக் கழிக்கிறது? பதிலுக்கு விலைத் தள்ளுபடியைப் பற்றிப் பேசினால் வீட்டுக்குத் திரும்பிவிடலாம்.

மேற்கையில் ஒட்டிக்கொண்டு பல நாள் சர்க்கரையைக் காட்டும் வில்லைகள் வேறு வகை. அவற்றை இவற்றோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அவற்றில் மெல்லிய ஓர் இழை தோலுக்கு அடியில் உண்மையாகவே நுழைந்திருக்கிறது. அங்கே நடப்பது ஒளி வித்தையல்ல, நொதியும் மின்னோட்டமும் செய்யும் வேலை. அதுகூடத் தோலடி நீரிலுள்ள சர்க்கரையைத்தான் அளக்கிறது. ஆகையால் சாப்பிட்டவுடனும் வேகமாக நடந்தபிறகும், விரலில் குத்திப் பார்க்கும் அளவைவிடச் சில நிமிடங்கள் பிந்தியே காட்டும்.